ஒற்றை வாரம், இரட்டை வாரம்

குடிகாட்டில் காலைச் சங்கு ஊதி
நான் வீடு வந்து சேர்வதற்குள்
அமலோற்பவம் காலாப்பட்டுக்குப் பஸ் ஏறியிருப்பாள்.
திருப்பாதிரிப்புலியூர் மாடியறை.
கட்டில் ஒன்று, அதில் அவள் விட்டுப்போன சூடு,
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு:
"வேர்க்கடலைச் சட்னி இருக்கிறது.
காலப் படிகம் என்றால் என்ன என்று கேட்டாயே,
நாளைக்கு எழுதுகிறேன்."

படிகம் எனக்குத் தெரியும்.
ஆறு வருஷமாய் அதுதான் சோறு.
சாயக் கம்பெனியில் நாலாம் நம்பர் கலன் என்னுடையது.
சூடாய் இருக்கும்வரை கரைசலுக்கு
எந்த இடமும் ஒன்றுதான்.
இன்னும் ஒரு டிகிரி இறங்கினால்
எங்கோ ஒரு துகள் "இங்கே" என்று உட்கார்ந்துவிடும்.
பிறகு எல்லாம் அதைப் பார்த்து வரிசை கட்டும்.
ஏன் அங்கே என்று கேட்டால்
சூப்பர்வைசருக்கும் தெரியாது.

சீட்டு வந்தது.
"வரிசையாய்க் குட்டிக் காந்தங்கள்.
ஒவ்வொரு தட்டுக்கும் தலைகீழாய்ப் புரளும்.
இரண்டு தட்டுக்கு ஒருமுறை பழைய நிலை."
அடியில் நான் எழுதி வைத்தேன்:
"தோசையும் அப்படித்தான்."

மறுநாள் சீட்டின் இரு பக்கமும் நிறைந்திருந்தது.
"தோசையை ஒவ்வொரு முறையும்
பத்து டிகிரி குறைவாய்த் திருப்பிப் பார்.
பதினெட்டாவது திருப்பலில்
மேலே இருக்கவேண்டிய பக்கம் கீழே இருக்கும்.
தனியாய் இருக்கும் காந்தமும் அப்படித்தான் தடுமாறும்.
கூட்டமாய் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை
அந்தப் பத்து டிகிரியைச் சேர்த்துவைப்பதில்லை.
கை பிசகினாலும் கணக்குப் பிசகாது.
ஆனால் எல்லாம் ஒரே அச்சாய் இருக்கக்கூடாது,
ஆளுக்கொரு கோணல் வேண்டும்.
இல்லையென்றால் தட்டத் தட்டச் சூடேறிக்
கரைந்துவிடும்.
இதை வைத்து ஒரு பல்புகூட எரிக்க முடியாது,
அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்."

கோணல் என்றதும் எங்கள் ஷிஃப்ட் ஞாபகம் வந்தது.
ஞாயிறு தோறும் ஒரே கட்டளை: மாறு.
பகல் இரவாகும், இரவு பகலாகும்.
பகல் ஷிஃப்ட் வாரத்தில்தான்
அவளும் நானும் ஒரே நேரத்தில் சாப்பிடுவோம்.
கம்பெனிக்கு எல்லா வாரமும் ஒன்று.
எங்களுக்கு மட்டும்
ஒற்றை வாரம், இரட்டை வாரம்.

அந்த மாற்றம் ஒருநாளும் சரியாய் நடந்ததில்லை.
கோதண்டம் குறட்டைவிட்டு ஒரு மணி நேரம் பிந்துவார்.
ரஷீதா திட்டிக்கொண்டே அவர் வால்வையும் பார்ப்பாள்.
புயலில் ஒருமுறை பெண்ணையாற்றுப் பாலத்தோடு
பஸ் நின்றுபோனது.
அறுபது பேர், அறுபது விதமான பிடிவாதம்.
பிந்தியது பிந்தியதோடு போயிற்று,
வாரம் ஒருநாளும் நகரவில்லை.

சித்திரையில் கம்பெனிக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள்.
கழிவுநீர் விவகாரம். ஐந்து வாரம் மூடல்.
சங்கு இல்லை.
தினமும் இருவரும் வீட்டில் எதிரெதிரே.
முதல் நாள் பிரியாணி.
மூன்றாம் நாள் ஃபேன் வேகத்துக்குச் சண்டை.
பத்தாம் நாள் வாடகையைத் தவிர வேறு பேச்சில்லை.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும்
எதையும் பிடிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது.
தட்டாவிட்டால் படிகமும் இல்லை.
இதை அவள் எழுதித் தரவில்லை.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் மறுபடி சங்கு.
எனக்கு விழுந்தது பகல்.
பழைய கணக்கில் அது இரவு வாரம்.
எது நம் வாரம் என்று
யாரும் கூடிப் பேசி முடிவுசெய்யவில்லை.
முன்பு ஒற்றை, இனி இரட்டை, அவ்வளவுதான்.
காலண்டருக்கு இரண்டும் சம்மதம்.

அன்று சாயங்காலம் அவள் வருமுன்
நானே ஒரு சீட்டு ஒட்டினேன்:
"இது நம் வாரம்.
முதுநகரில் நல்ல வஞ்சிரம் வந்திருக்கிறதாம்.
தோசையைப் பற்றிச் சொன்னதை
வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்."